பதினேழாவது குண்டு

1987ஆம் ஆண்டு ஜூன் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மணி இரண்டு நான்கு. மேற்கே வானம் கறுத்திருந்தது, காற்று துளியும் இல்லை, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. தருமபுரி பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர் அறைக்கு முன்னால், கையில் குடையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். நான் வரவேற்க வேண்டிய பாலக்கோடு பஸ் மூன்று மணிக்குத்தான் வரும். ஐம்பத்தாறு நிமிடம் முன்கூட்டி வந்தவன் எப்படித் தாமதமாகப் போனான் என்பதுதான் இந்தக் கட்டுரை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. உயர்நிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். வீடு அதியமான்கோட்டை. என் தங்கை மல்லிகாவுக்கு இருபத்தாறு முடிந்து இருபத்தேழு நடந்துகொண்டிருந்தது. நான்கு வரன்கள் வந்து, பஜ்ஜி தின்று, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்களே. ஐந்தாவதாக அமைந்தது பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் குடும்பம். பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவனுக்கு லீவு கிடைக்காததால் முதலில் பெரியவர்கள் நால்வர் மட்டும் பெண்ணைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. இதுவும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கமாட்டேன் என்று மல்லிகா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

பெண் பார்க்க வருகிறவர்களைப் பெண் வீட்டு ஆண்பிள்ளை எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். அவர்களாக விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தால் அது அழையாமல் வந்த கணக்கு. அப்பா இல்லாத வீட்டில் அந்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை என்பதால், வெள்ளைச் சட்டை போட்டு, குடை பிடித்து, டைம்கீப்பர் அறை வாசலில் நிற்பேன் என்று முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. அதற்குள் அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும். டவுன் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். எல்லாம் கணக்குப்படி சரியாகத்தான் இருந்தது.

இரண்டு நாற்பதுக்குத் தூறல் விழுந்தது. குடையை விரித்திருக்கலாம். ஆனால் அது விருந்தாளிகளுக்கென்று புதிதாக வாங்கிய குடை. (அவர்கள் வருமுன் நாமே நனைத்து வைப்பதா?) குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நனைந்தபடி ஓடி, எதிரிலிருந்த கடையில் ஒதுங்கினேன். அது பாஷா பாயின் வீடியோ கேம்ஸ் கடை.

இங்கே ஒரு வாக்குமூலம் தேவைப்படுகிறது. அந்தக் கடை திறந்த மாதமே நான் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதைப்பற்றி இருபத்திரண்டு நிமிடம் பேசியவன். நாளுக்கு ஒரு ரூபாய் வீதம் அங்கே தொலைக்கிறவன் பத்து வருடத்தில் எவ்வளவு தொலைப்பான், அதையே அஞ்சலகத்தில் போட்டால் என்ன வட்டி என்று கரும்பலகையில் போட்டுக் காட்டியவன். பாஷா பாய்க்கு இது தெரியும். அதற்கு முன் வாட்ச் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். என் கடிகாரத்தை மூன்று தடவை பழுது பார்த்தவர். என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உள்ள வாங்க சார். உங்க பள்ளிக்கூடத்துப் பசங்க யாரும் இல்ல. பயப்படாதீங்க" என்றார்.

மழைக்குத்தான் என்று தெளிவுபடுத்தினேன். மழைக்குத்தானே எல்லாரும் வர்றாங்க என்றார் பாய்.

கடையில் மூன்று இயந்திரங்கள். இரண்டு புதியவை. கலர் திரை, ஒன்றில் கார் ஓடும், ஒன்றில் ஆட்கள் எட்டி உதைத்துக்கொள்வார்கள். ஆட்டம் ஒரு ரூபாய். அவற்றைச் சுற்றி ஏழெட்டு வாலிபர்கள். மூன்றாவது ஒரு மூலையில் கிடந்தது. பெங்களூரில் மற்ற இரண்டையும் வாங்கும்போது, வைக்க இடமில்லை, இதையும் எடுத்துட்டுப் போ என்று கொடுத்தார்களாம். கறுப்பு வெள்ளைத் திரை. அதன் தலையில் பாயின் சாப்பாட்டுக் கேரியரும் துண்டும். ஆட்டம் எட்டணா. அதற்கும் ஆள் கிடையாது.

எட்டணா என்ற எழுத்துதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு ரூபாய் என்றால் தொட்டிருக்கமாட்டேன். மேலும், அந்த மூலையிலிருந்து பார்த்தால் பஸ் நிற்கும் இடம் ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது. (தெரியத்தான் செய்தது. பார்க்கத்தான் இல்லை.)

ஆட்டம் இதுதான். மேலே ஐந்து வரிசையாகப் பறக்கும் தட்டுகள். அவை பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்கும். அடியில் நமக்கு ஒரு துப்பாக்கி; தட்டுகளும் குண்டு போடும், அதில் துப்பாக்கி போனால் அடுத்தது வரும், காசுக்கு மொத்தம் மூன்று. தட்டுகள் தரையைத் தொடுவதற்குள் சுட்டுத் தீர்க்க வேண்டும். டொக், டொக் என்று கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதல் ஆட்டம் நாற்பது விநாடியில் முடிந்தது. எட்டணாவுக்கு நாற்பது விநாடி என்பது கொள்ளை என்று தோன்றி, நியாயம் கேட்பதற்காக இரண்டாவது காசைப் போட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். தட்டுகள் குறையக் குறைய, மிச்சமிருப்பவை வேகமாக ஓடின. பாதியானால் வேகம் இரட்டிப்பு. எட்டு வருடமாக எதிர்விகிதம் நடத்தி வந்தவன் நான். இத்தனை ஆட்கள் ஒரு கிணற்றை இத்தனை நாளில் வெட்டினால் என்று ஆயிரம் கிணறு வெட்டியிருப்பேன். எதிர்விகிதம் என்றால் என்ன என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. கடைசி ஒற்றைத் தட்டு பாய்ந்து வந்தபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது.

நான்காவது காசில் உச்சியில் ஒரு கப்பல் போவதைக் கண்டேன். அதை அடித்தால் சில சமயம் ஐம்பது புள்ளி, சில சமயம் முந்நூறு. அது அதிர்ஷ்டம் சார் என்றார் பாய். அதிர்ஷ்டம் என்ற வார்த்தை எனக்கு ஒத்துக்கொள்ளாது. நான் சுடும் குண்டுகளை எண்ண ஆரம்பித்தேன். ஏழாவது காசில் விடை கிடைத்தது. ஒன்று முதல் எண்ணிக்கொண்டே வந்து, சரியாகப் பதினேழாவது குண்டால் கப்பலை அடித்தால் முந்நூறு. மற்ற எந்தக் குண்டாலும் ஐம்பதுதான். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

உலகத்தில் எதையும் எண்ணாமல் இருக்க முடியாத ஒருவனுக்காகவே, எங்கோ, எவனோ இந்த இயந்திரத்தைச் செய்து, அது சுற்றிச் சுற்றித் தருமபுரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்பதாவது காசு முடியவே இல்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்த வாலிபர்கள் என் பின்னால் வந்து நின்றார்கள்.

பாலக்கோடு பஸ் மூன்று பத்துக்கு வந்தது. இது பிற்பாடு எனக்குச் சொல்லப்பட்ட தகவல்.

எப்போதோ, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையைத் துவட்டியபடி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் திரும்பவில்லை. திரும்பினால் எண்ணிக்கை போய்விடும்.

"பஸ்ஸ்டாண்டுல ஒரு ஆளு வர்றேன்னு லெட்டர் போட்டிருந்தாருங்க. அரை மணியாவுது, காணோம்" என்றார் பொதுவாக.

"ஆமாங்க" என்றேன். (பதினொன்று.)

"பொண்ணு பாக்க வந்திருக்கோம். பொண்ணோட அண்ணனாம். வாத்தியாராம். வாத்தியாருக்கு நேரம் தெரிய வேணாங்களா?"

"தெரியணுங்க." (பதிமூன்று.)

"பொம்பளைங்கள மழையில நிறுத்தி வச்சிருக்கோம். இப்பிடி ஒரு வூட்டுல பொண்ணு எடுக்கலாங்களா, நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னது காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை. மூளையில் பதினாறு இருந்தது.

"யோசிக்கணுங்க" என்றேன். அடுத்த குண்டைச் சுட்டேன். முந்நூறு.

பக்கத்திலிருந்தவர் தன்னை மறந்து என் தோளில் ஒரு போடு போட்டார். எப்பிடிங்க அது என்று கேட்டார். நான் ரகசியத்தைச் சொன்னேன். தானும் ஒரு ஆட்டம் போட்டுப் பார்க்கலாமா என்றார். நகர்ந்து இடம் கொடுத்தேன். அவர் சுட, நான் பக்கத்தில் நின்று உரக்க எண்ணினேன். பதினேழு என்று நான் கத்தும்போது அவர் பதினெட்டாவதைச் சுட்டுவிடுவார். அவசரப்படாதீங்க என்று இரண்டு முறை அதட்டவும் செய்தேன். என் தங்கையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போகிற தாய்மாமனை, மாப்பிள்ளையின் அம்மாவுடன் பிறந்த கோவிந்தன் என்பவரை, நான் ஒன்பதாம் வகுப்புப் பையனை அதட்டுவது போல அதட்டினேன்.

மணி நாலு பதினெட்டு. வாசலில் ஒரு பெரியவர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"மச்சான், ஆளைத் தேடிட்டு வர்றேன்னு போனவரு இங்க என்ன பண்றீங்க?"

கோவிந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த வாத்தியாரு எங்கயும் இல்ல மாமா என்றார். பெரியவர் பாஷா பாயிடம் திரும்பி, அதியமான்கோட்டைக் கணக்கு வாத்தியாரைத் தெரியுமா என்று கேட்டார்.

பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "இதோ நிக்கிறாருங்களே, இவருதான். ஒரு எட்டணாவுல அரை மணி நேரம் ஆடறாருங்க" என்றார்.

இயந்திரம் டொக், டொக் என்றது. கோவிந்தன் மெதுவாகத் திரும்பி என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் ஓரத்தில் தொங்கிய, விரிக்கப்படாத, முற்றிலும் உலர்ந்த குடையைப் பார்த்தார். கவனிப்பாரின்றிப் போன அவருடைய துப்பாக்கியின் மேல் ஒரு குண்டு விழுந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மழை என்று வந்தது.

பெரியவர், அதாவது மாப்பிள்ளையின் அப்பா மாதப்பன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் ராகு காலம். எந்தப் பஸ்ஸில் போனாலும் முடியாது. பாலக்கோடு வண்டி எதிரே இன்ஜினை ஓட்டிக்கொண்டு நின்றது. ஏறுங்க, போலாம் என்றார். வீட்டில் பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஐந்தாவது தடவையாக உட்கார்ந்திருக்கும் மல்லிகாவிடம் போய் நான் என்ன சொல்வேன்? தட்டுகள் இறங்கி வந்தன என்றா?

தாய்மாமன் வாய் திறக்காமல் எந்த வீட்டிலும் எதுவும் முடிவதில்லை. எல்லாரும் கோவிந்தனைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார்.

"மாமா, இந்த வூட்டுல பொண்ணு எடுக்கலாமான்னு இவருகிட்டயே கேட்டேன். யோசிக்கணும்னாரு. சொந்தத் தங்கச்சிக்காகக்கூட ஒரு பொய் சொல்லல."

"நீங்க யாருன்னு தெரிஞ்சா சொன்னாரு?"

"தெரிஞ்சி சொல்றவங்கதான் மாமா பொய் சொல்லுவாங்க. ஆறு மணி வரைக்கும் இருந்து பாத்துட்டே போவோம்."

இதில் என்மேல் வைத்த நம்பிக்கை எவ்வளவு, அவருக்கு மிச்சமிருந்த இரண்டு துப்பாக்கிகள் எவ்வளவு என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாலக்கோடு வண்டி போயிற்று. நான் குடையோடு ஓடி, கூரை ஓரம் ஒண்டியிருந்த மாப்பிள்ளையின் அம்மாவையும் அத்தையையும் அழைத்து வந்தேன். எதிர்கொண்டு அழைக்கும் கடமை இவ்வாறு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக, இருபது அடி தூரத்துக்கு நிறைவேறியது. பாய் டீ சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சற்று நேரம் பார்த்துவிட்டு, தன் தம்பியைத் தள்ளி, நானும் ரெண்டு சுட்டுப் பாக்கறேன் என்றார். தக்காளியில் சொத்தை பொறுக்கிப் பழகிய கை. எடுத்த எடுப்பில் இரண்டு வரிசையைத் தீர்த்தார். அத்தை கப்பல் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றார். மாதப்பன் மட்டும் கைகட்டி ஜன்னலோரம் நின்றார். ஐந்து நாற்பதுக்கு, யாரையும் பார்க்காமல், அந்தப் பதினேழு எங்கிருந்து எண்ணறது என்று கேட்டார்.

ஆறு அடித்தபோது யாரும் கிளம்பவில்லை. பாஷா பாய்தான் மெயின் சுவிட்சை அணைத்தார். டாக்சி பிடித்து, ஆறு இருபத்திரண்டுக்கு வீடு சேர்ந்தோம்.

மல்லிகா ஐந்தரைக்கே நகையைக் கழற்றிவிட்டிருந்தாள். பட்டுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்து, பழைய நூல் புடவைக்கு மாறி, விருந்தாளிகளுக்கான கேசரியை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பாதி போயிருந்தது. அவள் எழுந்திருப்பதற்குள் ஐந்து பேரும் கூடத்தில் நின்றோம். மாப்பிள்ளையின் அம்மா, நனைந்து தொங்கும் தன் தலைமுடியையும் அவள் மடித்தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மிச்சக் கேசரி எங்களுக்குத்தானே கண்ணு என்று கேட்டபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் பேச வேண்டியது அதிகமில்லை. ஆவணியில் கல்யாணம் வைத்துக்கொள்வதாக அன்றைக்கே பேசி முடித்தார்கள்.

தாமதத்துக்கு நான் ஒரு காரணம் தயாரித்து வைத்திருந்தேன். பஸ் டயர் பஞ்சர் என்று. அதற்குள் கோவிந்தன் முழுக் கதையையும், குண்டு எண்ணிக்கை உட்பட, ஆட்டி அசைத்துச் சொல்லிவிட்டார். மல்லிகா கடைசிவரை கேட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"மூணரைக்கு நான் சேலை கட்டி உக்காந்தேன். எத்தன நிமிசம்ண்ணா?"

பழக்க தோஷம். "நூத்தி எழுபத்திரண்டு" என்றேன்.

"நிமிசத்துக்கு ஒரு ரூபா போட்டுக்குடு."

சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். அது தண்டனை என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது தாமதமாக வந்தால் எங்கே போனாய் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனாவது குண்டு என்றுதான் கேட்கிறார்கள். மல்லிகாவின் பேரன் பேத்திகள் அர்த்தம் தெரியாமலே கேட்கிறார்கள். அது போகட்டும். 1988 தைப் பொங்கலுக்கு முதல் சீர் கொண்டுபோனேன். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள், புடவை எல்லாம் வைத்திருந்தேன். தட்டைப் பார்த்துவிட்டு, காத்திருந்த காசு எங்கே என்றாள். கொடுத்தேன். ஒரு தடவையோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த தையிலும் கேட்டாள். சீர் என்றால் வருடா வருடம்தானே அண்ணா என்றாள். மறுத்துப் பேச எனக்கு அந்த விஷயத்தில் வாய் கிடையாது.

அன்றைக்கு ஆட்டக்காசு எல்லாருக்குமாக நாற்பத்தாறு எட்டணா, ரூபாய் இருபத்து மூன்று. டீ ஆறு, மூன்று ரூபாய் அறுபது காசு. டாக்சி முப்பத்தைந்து. காத்திருந்த காசு நூற்றெழுபத்திரண்டு வீதம், இந்த 2025 பொங்கலோடு முப்பத்தெட்டு தடவை, ஆறாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. ஆக மொத்தம், இன்றைய தேதிவரை, ரூபாய் ஆறாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு, காசு அறுபது.