காணிக்கைப் பையில எதுவும் போடாதீங்க

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. எனக்கு மனசு சரியில்லன்னு யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லணும். அவ்ளோதான்.

வேலையைக் கொடுத்தவர் பங்காருப்பேட்டையில இருக்கிற மனநல டாக்டர். தினமும் காலைல மாரிகுப்பம் ட்ரெயினைப் பிடிச்சு பெங்களூருக்கு ஓடுற கூட்டத்துல நானும் ஒருத்தன். கொஞ்ச நாளா வண்டி கிளம்பினதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், மூச்சு முட்டும். எங்கப்பா எங்க ஊர் தங்கச் சுரங்கத்துல, அதான் மைன்ஸ்ல, வேலை பார்த்தவர். ஆளுங்களை உள்ளே இறக்குற கேஜ் கீழ போகும்போது வயிறு மட்டும் மேலேயே நின்னுடும்னு சொல்வார். எனக்கு அது ஜன்னலோர சீட்டுல உட்கார்ந்துக்கிட்டே நடந்துச்சு.

யாருக்கும் தெரியாம டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மாத்திரை எழுதினார். கடைசியா, "ஒப்பரிகாதரூ ஹேளி"ன்னார். கன்னடத்துல, ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்கன்னு அர்த்தம். மாத்திரையை முழுங்கிட்டேன். இதை முழுங்க முடியல.

ஏன்னா எங்க சபையில நான் கொஞ்சம் பெரிய விசுவாசி. யாருக்கு இன்னா கஷ்டம்னாலும், கவலைப்படாதீங்க, ஜெபம் பண்ணுங்கன்னு சொல்ற ஆள். ஊருக்கெல்லாம் கவலைப்படாதீங்கன்னு சொல்லிட்டு, கவலைக்கு மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்ல நிக்கணும்னா எப்படி? மாஸ்க் போட்டுக்கிட்டுதான் போனேன். கடைக்காரர், "இன்னா டேனியல் அண்ணே, ஜலதோஷமா?"ன்னு கேட்டார்.

முதல்ல பொண்டாட்டி ஸ்டெல்லாகிட்ட சொல்லிடலாம்னு சமையல்கட்டு வரைக்கும் போனேன். அன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டுலதான் ஜெபக்கூட்டம். அவ கை முழுக்க போண்டா மாவோட நின்னா. இன்னான்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னேன். அப்போ போய் சேரைப் போடுங்கன்னா. போட்டேன்.

சேரைப் போடும்போதுதான் அந்த ஞானோதயம். ஜெபக்கூட்டத்துல விண்ணப்ப நேரம்னு ஒண்ணு உண்டு. எழுந்து நின்னு நம்ம கஷ்டத்தைச் சொல்லிட்டு உட்கார்ந்துடலாம். மத்தவங்க அதுக்காக ஜெபம் பண்ணுவாங்க. ஸ்டெல்லாவுக்கும் சொன்ன மாதிரி ஆச்சு, டாக்டர் கொடுத்த வேலையும் முடிஞ்சுது. போண்டா சூடா இருக்கும்போதே எல்லாம் முடிஞ்சுடும்.

எப்பவும் முதல்ல விண்ணப்பம், அப்புறம்தான் சாட்சி. அன்னிக்கு பாஸ்டர் லேட்டா வந்ததால வரிசையை மாத்திட்டார். அதை அவர் சொன்னப்போ நான் கண்ணை மூடி தைரியத்தைத் திரட்டிக்கிட்டு இருந்தேன். "யாராவது உண்டா?"ன்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. விண்ணப்பத்துக்குத்தான் கூப்பிடறார்னு விருட்டுன்னு எழுந்துட்டேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். விண்ணப்பத்தை எங்கே வேணா நிறுத்தலாம். சாட்சியை நிறுத்த முடியாது. கஷ்டம் வந்துச்சு, அழுதேன், ஜெபிச்சேன், விடுதலை கிடைச்சுதுன்னு முடிச்சாத்தான் உட்கார விடுவாங்க.

நான் ஆரம்பிச்சேன். கொஞ்ச நாளா தூக்கமில்லன்னேன். "ஸ்தோத்திரம்"னாங்க. ட்ரெயின்ல மூச்சு முட்டுதுன்னேன். இன்னும் சத்தமா "ஸ்தோத்திரம்". ஸ்டெல்லா போண்டா தட்டோட வாசப்படியிலேயே நின்னுட்டா. அவ முகத்தைப் பார்க்காம, டாக்டர்கிட்ட போனேன்னு சொன்னேன்.

எங்க சாட்சிகள்ல டாக்டருக்கு ஒரே ஒரு வேலைதான். முன் வரிசையில இருந்த சாமுவேல் அங்கிள் அதை எடுத்துக் கொடுத்தார். "டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க, இல்லியா பிரதர்?"

என் டாக்டர் கையை விரிக்கவே இல்ல. நாடி பார்க்க என் கையைத்தான் பிடிச்சார். ஆனா எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. தலையாட்டிட்டேன்.

அப்புறம் இன்னா சொல்றதுன்னு தெரியல. தம்புரு, அதான் சலங்கை வெச்ச கைமேளம், அடிக்கிற சிஸ்டர் அதைத் தூக்கிப் பிடிச்சபடி காத்திருக்காங்க. பாஸ்டர் புன்னகையோட காத்திருக்கார். ட்ரெயின்ல வர்ற அதே படபடப்பு நடுவீட்டுல வந்துடுச்சு. வாய் தானா திறந்துச்சு. "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்துட்டார்."

தம்புரு அடிச்சுது. எல்லாரும் எழுந்து பாடினாங்க. நானும் கையைத் தட்டினேன். தட்டுற ஒவ்வொரு தட்டுக்கும் சட்டைப் பையில இருந்த மாத்திரை அட்டை சரக் சரக்குன்னு சத்தம் போட்டுச்சு.

எல்லாரும் போனதும் ஸ்டெல்லா தட்டு கழுவினா. ரொம்ப நேரம் கழுவினா. அப்புறம்தான் கேட்டா.

"பக்கத்துலதான படுத்துகினு கீறேன். எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

வெட்கமா இருந்துச்சு. அவளுக்கு வலிச்சிருக்குன்னு தெரிஞ்சப்போ அழுகையும் வந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன், மாத்திரை அட்டையையும் காட்டினேன். அவ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்போ பூரண சுகம்னு சொன்னதுன்னு இழுத்தா. அது வாய் தவறி வந்துடுச்சுன்னேன். பத்துக் கட்டளையில ஒன்பதாவது இன்னான்னு ஞாபகம் இருக்கான்னு கேட்டா. இருக்கு, பொய்ச்சாட்சி சொல்லாதேன்னேன்.

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் போன். நாளைக்கு ஆராதனையில அதே சாட்சியைச் சபை முழுக்கக் கேட்கிற மாதிரி மைக்ல சொல்லணுமாம். சரி பாஸ்டர்னு சொல்லிட்டேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல கிளாரா சிஸ்டர் என்னை ஓரமா கூப்பிட்டாங்க. எங்க ஊர்லயே மைசூர் மைன்ஸ்ங்கிற பகுதியில தையல் கடை வெச்சிருக்கிறவங்க. அதிகம் பேசாதவங்க. ஜெபக்கூட்டத்துல கடைசி சேர்ல இருந்தாங்களாம். கைப்பையைத் திறந்து காட்டினாங்க. உள்ளே மாத்திரை அட்டைங்க, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு.

"நானும் மனசுக்குத்தான் பிரதர் சாப்ட்டுகினு கீறேன். ஊட்ல யாருக்கும் தெரியாது. நேத்து உங்க சாட்சியைக் கேட்டேன். எனக்குத்தான் விசுவாசம் பத்தலன்னு புரிஞ்சுது. இன்னிக்கு இதைக் காணிக்கைப் பையில போட்டுடறேன்."

முன்னாடி ஒரு தடவ நிறுத்திப் பார்த்தாங்களாம். எழுந்திருக்கவே முடியாம கிடந்தாங்களாம். சாவைப் பத்தியே நினைச்சாங்களாம். அதை ரொம்ப மெதுவா சொன்னாங்க.

சிஸ்டர், ஒரு நிமிஷம்னு நான் வாயைத் திறக்கிறேன், பாஸ்டர் வந்து தோள்ல கையைப் போட்டு உள்ளே தள்ளிக்கிட்டுப் போயிட்டார். நேரா மேடைப் பக்கத்துல உட்கார வெச்சுட்டார். கிளாரா சிஸ்டர் நாலஞ்சு வரிசை தள்ளி உட்கார்ந்தாங்க. கைப்பை மடியில.

ஆராதனை முடிஞ்சதும் தனியா சொல்லிடலாம்னு நினைச்சேன். பையில போட்டதைத் திருப்பி வாங்கிக் கொடுத்துட்டாப் போச்சு. கோழைங்களுக்கு யோசனைக்கு மட்டும் பஞ்சமே இருக்காது.

என் முறை வந்துச்சு. மைக்கைக் கையில கொடுத்துட்டு பாஸ்டர், நேரமாயிட்டதால பிரதர் சாட்சி சொல்லும்போதே காணிக்கை எடுத்துடலாம்னு அறிவிச்சார். சிவப்பு வெல்வெட் பை முதல் வரிசையில கிளம்பிடுச்சு.

நான் தூக்கம், ட்ரெயின், டாக்டர்னு ஆரம்பிச்சேன். பை ரெண்டாவது வரிசைக்குப் போயிடுச்சு. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்றாங்க. பை அடுத்த வரிசைக்கும் போயிடுச்சு. கிளாரா சிஸ்டர் கைப்பையைத் திறந்து கட்டை வெளியே எடுத்துட்டாங்க. இனி அவங்க இன்னா ஆவாங்கன்னு நினைச்சதும் எனக்கு வேற எதுவும் தோணல. பேரைச் சொன்னா அவங்களுக்கு அவமானம், சொல்லாட்டி மாத்திரை பையில விழுந்துடும்.

மைக்ல கத்திட்டேன். "யாரும் பையில எதுவும் போடாதீங்க!"

பை எடுத்துக்கிட்டு வந்தவர் அப்படியே நின்னுட்டார். கையில நோட்டோட இருந்தவங்க கையை மடக்கிட்டாங்க. ஒருத்தர் போட்டதைத் திரும்ப எடுத்தே விட்டார். இந்தச் சபையில காணிக்கை போடாதேன்னு மைக்ல சொன்ன முதல் ஆள் நான்தான். பாஸ்டர் வேகமா எழுந்து என்னை நோக்கி வந்தார்.

அவர் மைக்கைப் பிடுங்கறதுக்குள்ள சொல்லியாகணும். மூச்சு விடாம சொன்னேன்.

"எனக்குச் சுகம் ஆயிடலை. நேத்து சொன்னது பொய். டாக்டர் கைய விரிக்கலை. மாத்திரை சாப்ட்டுகினு கீறேன், இன்னிக்குக் காலைலகூட சாப்ட்டேன். ஜெபமும் பண்றேன். ரெண்டுமே என்னைத் தாங்குது. என் பேச்சைக் கேட்டு யாராவது மாத்திரையை நிறுத்தலாம்னு இருந்தா நிறுத்தாதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட பேசுங்க."

தம்புரு சிஸ்டர் தூக்கின கையை இறக்கலாமா வேணாமான்னு தெரியாம என்னையும் பாஸ்டரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

கிளாரா சிஸ்டர் கட்டைக் கைப்பைக்குள்ள வெச்சு ஜிப்பை மூடினாங்க. அந்த ஜிப் சத்தம் எனக்குக் கேட்டுச்சுன்னு இன்னிக்கும் சொல்வேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பாஸ்டர் மைக்கை வாங்கினார். "பிரதருக்காக ஜெபிப்போம்"னார். அப்புறம் யோசிச்சு, "மாத்திரை சாப்பிடுற எல்லாருக்காகவும்"னார். ஆமென் சொல்லி முடிச்ச கையோட, "இப்போ காணிக்கை போடலாம்"னார்.

வெளியே வந்தா யாரும் கிட்ட வரமாட்டாங்கன்னு நினைச்சேன். டீ டம்ளரோட ஒவ்வொருத்தரா வந்தாங்க. எல்லாரும் டாக்டர் அட்ரஸ்தான் கேட்டாங்க. ஒருத்தருக்கு மச்சானுக்காம், ஒருத்தருக்குத் தெரிஞ்சவங்களுக்காம். சாமுவேல் அங்கிள் மட்டும் சுத்தி முத்திப் பார்த்துட்டு, "எனக்குத்தான்"னார். எல்லாருக்கும் சொன்னேன். ஸ்டெல்லா பக்கத்துல நின்னு, பஸ் ஸ்டாண்டுல இருந்து எப்படிப் போகணும்னு எடுத்துக் கொடுத்தா.

அடுத்த தடவ நான் பங்காருப்பேட்டைக்குப் போனப்போ பெஞ்ச் முழுக்க எங்க சபைதான். கிளாரா சிஸ்டர் கையில டோக்கனை வெச்சுக்கிட்டு, நல்லா இருக்கேன் பிரதர்னு சிரிச்சாங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணு, இன்னிக்கு டோக்கன் எல்லாம் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கன்னு என்னைத் திருப்பி அனுப்பிட்டா.

சாட்சி சொல்றவங்களுக்கு என்னோட ஒரே புத்திமதி இதுதான்: உண்மையை முதல்லயே சொல்லிடுங்க, டாக்டர் அட்ரஸை உங்க டோக்கனை வாங்கினப்புறம் சொல்லுங்க.