அலுமாரிக்குப் பின்னால் ஒரு ஆங்கிலப் பாடம்

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் காது நீளும். மூளை பிறகு வரும். சில நாட்களில் வராது.

எங்கள் வீட்டில் ஆங்கிலச் சொல்லுக்குக் கருத்துச் சொல்லும் உத்தியோகம் இருபது வருடமாக என்னுடையது. (தெரியாத சொல்லுக்கும் சொல்லியிருக்கிறேன். குரலில் துணிவு இருந்தால் போதும்.) மனைவி வதனி ஒன்லைன் ஆங்கில வகுப்பில் சேர்ந்த நாளோடு அது பறிபோனது. எனவே ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு வந்து, "இஞ்சாருங்கோ, கொன்ஷியஸ் எண்டா என்ன?" என்று அவள் கேட்டபோது எனக்கு உயிர் வந்தது.

"சுயநினைவு. ஆஸ்பத்திரியிலை சொல்லுவினமே."

"அது இப்பத்தைக் கருத்து. லத்தீனிலை 'கொன்' எண்டா சேர்ந்து. மிச்சம் அறியிறது. இன்னொராளோடை சேர்ந்து ஒரு விசயத்தை அறிஞ்சிருக்கிறதாம். இரகசியத்திலை கூட்டாளி மாதிரி. எங்கடை சேர் வடிவாய் விளங்கப்படுத்தினவர்."

"உந்தச் சேருக்கு என்ன வயசு?"

"நாப்பது இருக்கும். நல்ல அடர்த்தியான தலைமயிர்."

(நான் வயதைத்தான் கேட்டேன்.)

அடுத்த நாள் பின்னேரம் கிணற்றடியில் குளித்துவிட்டு, சாரத்தோடும் தலையில் துவாயோடும் வந்தேன். வதனி காதில் வயரை மாட்டிக்கொண்டு லப்டொப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சேர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது.

"ஓம் சேர், எங்கள் ரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். என்ரை மனுசனுக்குத் தெரியாது."

எனக்குக் குளித்த ஈரம் ஒரே நொடியில் காய்ந்தது. இருபது வருடக் குடும்பம்! மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று தவழ்ந்துபோய் அவளுக்குப் பின்னால் இருந்த அலுமாரியின் மறைவில் பதுங்கினேன். மெல்லத் தலையை நீட்டினேன். அவளைப் பார்க்கும் கமரா அவளுக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்கும் என்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

திரையில் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையைக் கண்ட வதனி அலறிக்கொண்டு வயரைப் பிடுங்கினாள். வகுப்பு முழுவதும் லப்டொப்பில் கத்தியது: "அக்கா, கள்ளன்! பின்னாலை கள்ளன்!"

அந்தப் பதற்றத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், துவாயால் முகத்தை மூடியது.

அதே வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டு வரதன், மண்வெட்டிப் பிடியோடு மதிலேறிக் குதித்து வந்துவிட்டான்.

"ஆரடா உவன்? வெளியிலை வாடா!"

"அடிக்காதை வரதன்! நான்தான்!"

துவாயை எடுத்தேன். அவன் பிடியை இறக்கவில்லை. "அண்ணை, உங்கடை வீட்டிலை நீங்கள் ஏன் ஒளிச்சிருக்கிறியள்?"



"உனக்கும் அந்தச் சேருக்கும் மட்டும் தெரிஞ்சது என்ன?" என்று வதனியைக் கேட்டேன். லப்டொப்பில் முப்பது பேர் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்தாள். வரதன்தான் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான்.

"சேருக்கில்லை அண்ணை. அக்காவுக்கும் அவவின்ரை தங்கச்சிக்கும். கொன்ஷியசின்ரை பழைய கருத்துக்குச் சேர் ஒரு உதாரணம் கேட்டவர். நீங்கள் சொல்லுற இங்கிலிசுக் கருத்திலை பாதி பிழையாம். அது தங்கள் ரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும் எண்டு அக்கா சொன்னவ."

லத்தீன்படி பார்த்தால் அந்த நிமிடத்தில் வகுப்பே கொன்ஷியஸ். கடைசியாகச் சேர்ந்தவன் நான்.

திரையில் சேர் அடர்த்தியான தலையை அசைத்து, "ஐயா, அருமையான உதாரணம்," என்றார். இப்போது ஒவ்வொரு புது வகுப்பிலும் அந்தச் சொல்லுக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுகிறாராம். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் நானே முந்திக்கொண்டு இந்தக் கதையைத் தொடங்குவேன். வதனி விடமாட்டாள்.

"நீங்கள் சும்மா இருங்கோ. சேர் சொன்னால்தான் சிரிப்பு வரும்."