மிரளிக்கு நகம் வெட்டிய கதை

இனிமேல் இந்த வீட்டில் வாயே திறப்பதில்லை என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்தார். எடுத்து ஒரு வாரம் ஓடிவிட்டது. யாருமே கவனிக்கவில்லை. மனைவி மட்டும் ஒருநாள், டிவியில் இப்போதெல்லாம் சத்தம் தெளிவாக வருகிறதே, ரிப்பேர் பண்ணினீர்களா என்று கேட்டாள். மனுஷன் நொந்தே போய்விட்டார்.

அவர் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் அலறுவார்கள், கதவை உதைப்பார்கள். இவர் வெளியே நின்று, மூடிய கதவில் வாயை வைத்து, கயிறு எத்தனை, பிரேக் எங்கே இருக்கிறது, ஏன் அது விழவே விழாது என்று ஆற அமர எடுத்துச் சொல்வார். உள்ளே சத்தம் அடங்கிவிடும். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்ட பேச்சு. வீட்டில் என்ன கஷ்டமென்றால், கதவு திறந்தே கிடக்கிறது. "இன்னிக்கு ஒரு லிஃப்டுல..." என்று அவர் ஆரம்பித்தால் போதும், மனைவிக்கு அடுப்பு ஞாபகம் வரும், மகளுக்குப் பரீட்சை ஞாபகம் வரும். பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகும் அவளுக்குப் பரீட்சை இருந்தது.

கடைசியில் சபதத்தை உடைத்தது மிரளி. மகள் ஆசைப்பட்டாளே என்று வாங்கிய முயல். தும்மினால் மிரளும். செய்தித்தாளைப் புரட்டினால் மிரளும். தன் காது தன் கண்ணில் பட்டாலும் மிரளும். அதற்கு நகம் நீண்டு கொக்கியாக வளைந்து, ஜன்னல் திரையில் மாட்டி, ஒன்று பிய்ந்து ரத்தமே வந்துவிட்டது. கால்நடை டாக்டர், வீட்டிலேயே வெட்டிவிடலாம், நகத்துக்குள் சிவப்பாக ஓடும் நரம்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதோடு விட்டாரா? பிடித்திருக்கும்போது பலமாக உதைத்தால் முயலுக்கு முதுகெலும்பே முறியலாம் என்றும் சொல்லிவைத்தார். அதைக் கேட்டதிலிருந்து நகவெட்டியைத் தொடவே வீட்டில் எல்லோருக்கும் பயம்.

தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்பார்கள். அதைச் சொன்ன புண்ணியவான் ஜென்மத்தில் முயலைப் பிடித்திருக்க மாட்டார். நகவெட்டியோடு போய்ப் பிடித்துப் பாருங்கள், குறைந்தது பதினெட்டுக் கால் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மனைவி அதைத் துண்டில் சுற்றிப் பிடித்தாள். மகள் நகவெட்டியை நீட்டினாள். விழுந்த உதையில் துண்டு ஒரு பக்கம், நகவெட்டி ஒரு பக்கம், முயல் சோபாவுக்கு அடியில். மறுபடி பிடித்தார்கள். மனைவியின் முழங்கையில் நீளமாக ஒரு கீறல். அடுத்த முறை துண்டுக்குள் அது வெடவெடவென்று உதறுவதைப் பார்த்து, முதுகு ஒடிந்துவிடும், விட்டுவிடு அம்மா என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

லிஃப்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை. சபதமாவது மண்ணாவது. குனிந்தார், துண்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார், தொழில் குரலில் தொடங்கினார்.

"பயப்படாதீங்க. நான் வெளியிலதான் நிக்கறேன். ஒரு கயிறு அறுந்தாலும் மிச்சக் கயிறு தாங்கும். எல்லாமே அறுந்தாலும் அடியில பிரேக் இருக்கு, அது தானா கவ்விக்கும்."

பெண்டாட்டி பிள்ளையை நீ, வா, போ என்கிறவர் முயலுக்கு மரியாதை கொடுத்துப் பேசினார். உதறல் நின்றது. மேலே ஒரு மோட்டார் இருக்கு பாருங்க என்று அவர் தொடர, மிரளி கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. மனைவி ஒரு நகம் வெட்டினாள். அசையவில்லை. மோட்டாருக்கு எண்ணெய் விடும் முறையை விளக்குவதற்குள் ஒரு கால் முடிந்துவிட்டது.

அங்கேதான் அவர் மூளையில் பல்பு எரிந்தது. பேச்சை நிறுத்தினார். மிரளி உடனே ஒரு உதை விட்டது.

"ஏங்க நிறுத்திட்டீங்க? பேசுங்க" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. விடுவாரா, பேரம் பேசினார்.

"பேசறேன். ஆனா இனிமே தினம் சாப்பிடறப்போ டிவியை அணைக்கணும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது."

"அடுப்புல ஏதாவது இருந்தா?"

"அணைச்சிட்டு வந்து உட்காரு."

"அப்பா, எனக்குப் பரீட்சை" என்றாள் மகள்.

"ஃபெயில் ஆனாப் பரவாயில்லை."

மனைவி முயலைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், சரிங்க என்றாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்ற நாட்களில் எல்லாம் தன் கதி என்ன ஆயிற்று என்று மனுஷன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

அன்றைக்கு மிச்சக் கால்களும் முடிந்தன, ராத்திரி சாப்பாட்டுக்கு டிவியும் அணைந்தது. மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மனைவி தன் போனைக்கூடக் கவிழ்த்து அவர் தட்டுப் பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டாள். அந்த மரியாதையில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் இருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, நடுவில் ஒரு பீரோவோடு லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை எடுத்தார். அவர் வீட்டில் பீரோ லிஃப்டுக்குள் ஏறும் கட்டத்தைத் தாண்டி அந்தக் கதை போனதே கிடையாது. இன்றைக்கு ஏறியது, மாட்டியது, இறங்கவும் இறங்கியது. அவசரப்படாதீங்க, நிதானமாச் சொல்லுங்க, அந்தக் கயிறு விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க என்று மனைவி கேட்டுக் கேட்டு வாங்கினாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல பெண்ணைத்தான் கட்டியிருக்கிறோம், இத்தனை நாள் நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் இப்படி ராஜவாழ்வு. அப்புறம் டிவி திரும்பி வந்தது. சீரியல் முக்கியமான கட்டம் என்றாள் மனைவி. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. முயல் என்றால் நகம் வளராமலா போய்விடும்? தினம் காலையில் மிரளியின் காலைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினார். நகம் வளர வளர அவர் நிபந்தனையும் வளர்ந்தது. இந்தத் தடவை டிவியோடு விடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் உட்கார்ந்து கேட்க வேண்டும், மச்சான் வந்தால் மச்சானும் கேட்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து அதையெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடியே வீட்டுக்குள் நுழைந்தார்.

உள் அறையில் யாரோ ஆண் பேசிக்கொண்டிருந்தான். திக்கென்றது. இரண்டடி போனதும் குரல் புரிந்தது. அவருடையதுதான்.

மிரளி துண்டுக்குள் கைக்குழந்தையாகக் கிடந்தது. அதன் காதோரம் மனைவியின் போன், அன்றைக்கு அவர் தட்டுப் பக்கம் கவிழ்ந்து கிடந்த அதே போன். மிச்சக் கயிறு தாங்கும் என்று போன் சொல்ல, மகள் நகத்துக்குப் பின்னால் டார்ச் அடிக்க, மனைவி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள். பின்னங்காலில் கடைசி இரண்டு நகம்தான் பாக்கி. அவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் அவர் தேவைப்பட்ட ஒரே ஒரு வேலை, அதுவும் போயிற்று. அறை வாசலிலேயே நிலையைப் பிடித்துக்கொண்டு தன் கதையைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார்.

பீரோ நாலாவது மாடியில் மாட்டிக்கொண்டதாகப் போன் சொன்னது. அவருக்குப் பொறுக்கவில்லை. நாலாவது இல்லை, அஞ்சாவது மாடி என்று திருத்தினார். மிரளியின் காது விறைத்து நின்றது.

மனைவி உதட்டில் விரலை வைத்து, மெதுவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க பேசறதை அது கேட்டுக்கிட்டிருக்கு."