பைட்டர் மீனுக்கு எவ்வளவு தண்ணீர்?

நான் வீடுகளுக்குப் படம் கீறுகிறவன். ஒரு மனிதன் கை காலை நீட்டிப் படுக்க எவ்வளவு இடம் வேண்டும், குசினியில் இரண்டு பேர் இடிபடாமல் நின்று சமைக்க எவ்வளவு அகலம் வேண்டும் என்றெல்லாம் திருகோணமலை நகரத்தில் பாதிப் பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு மீனுக்கு வீடு பார்க்கத் தெரியாமல் மானத்தைக் கப்பலேற்றிய கதை இது. (துறைமுக ஊர்க்காரன், கப்பலுக்கா பஞ்சம்?)

மீன் என் மனைவி யாழினியுடையது. நீல நிறப் பைட்டர். பிறந்தநாளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன், கடையில் போட்டுத் தந்த அதே ஜாம் போத்தலோடு.

"தொட்டி எங்க?" என்றாள்.

"இதுதான் தொட்டி."

"இருபது லீற்றராவது வேணுமப்பா. சின்னதெண்டால் தண்ணி கெதியில பழுதாப் போகும்."

வேறு யாராவது என்றால் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நான் விளக்கம் கொடுத்தேன். பைட்டர் வயல் தண்ணீரில் வாழ்கிற இனம். மேலே வந்து காற்றைக் குடிக்கும். மீனின் நீளம் விரலளவு, போத்தலின் அகலம் அதைவிடக் கூட, ஆகவே தாராளம். படம் கூடக் கீறிக் காட்டினேன். (ஓம், பக்கத் தோற்றம் வேறு, மேல் தோற்றம் வேறு.) அவள் படத்தைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தாள்.

"திரும்ப ஏலாமல் நிக்குது, பாவம்."

பிறகு மனமிரங்கி, பெரிய தொட்டி வாங்கத்தான் கடைக்குப் போனேன். அங்கே ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் கண்ணில் பட்டது. ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் விறாந்தையில் நானே கீறிய மாடம் ஒன்று உண்டு. அதற்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது கிண்ணம். மீனை மறந்துவிட்டு மாடத்துக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். யாழினி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் வென்றுவிட்டேன் என்று நினைக்கும் அளவுக்குத்தான் அந்த நாளில் எனக்கு அறிவு.

புது வீட்டுக்குக் குடிபுகும் நாள் காலையில், மீனோடு மாடத்தில் வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீர் கலங்கி நாறியது. மீன் அடியில் சரிந்து கிடந்தது. வால் நார் நாராகக் கிழிந்திருந்தது. யாழினி கண்டால் நல்ல நாளும் அதுவுமாக அழுவாள். சுற்றும் முற்றும் பார்த்தேன். குசினியில், யாழினியின் தாய், அதாவது என் மாமி, இந்த நாளுக்கென்றே வாங்கித் தந்த எவர்சில்வர் குடம் இருந்தது. பூசைக்காகக் கிணற்றுத் தண்ணீர் நிறைத்து, வெள்ளைத் துணியால் மூடி அவரே வைத்திருந்தார். கிண்ணத்தைக் கழுவி முடிக்கும் வரைதானே என்று மீனைக் குடத்துக்குள் விட்டேன். விட்டதுதான் தாமதம், வாலை விரித்து ஒரு சுற்றுச் சுற்றியது. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். துணியைப் பழையபடி மூடிவிட்டுக் கிண்ணத்தோடு கிணற்றடிக்குப் போனேன்.

போன கையோடு மாமா கூப்பிட்டார். "தம்பி, வெத்திலை காணாது. ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாருங்கோ."

கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். சந்தையில் தெரிந்தவர் ஒருவர் மறித்து, மாடிப்படியை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டார். கேட்டுவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மீன் நினைவு அடியோடு போய்விட்டது.

திரும்பி வந்தபோது பூசை முடிந்து ஐயர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தக் குடம். மீன் இன்னும் அதற்குள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெள்ளைத் துணி மூடிய குடம் என்றால் எங்கள் சனம் துணியை ஓரமாக விலக்கிச் செம்பால் மொள்ளுமே தவிர, உள்ளே எட்டிப் பார்க்காது. பூசைத் தண்ணீருக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

மாமி பிறந்ததிலிருந்து மச்ச மாமிசம் தொடாதவர். மீன் கடைப் பக்கம் போகக்கூடாது என்று தெருவையே சுற்றிப் போகிறவர். அவர்தான் முதலில் கை நீட்டினார். தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றி, பக்தியோடு குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். பிறகு மாமா, பிறகு அயலட்டைச் சனம். என் முறையும் வந்தது. வாயைத் திறந்தேன், குடிப்பதற்கு மட்டும். எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

யாழினி கிணற்றடியிலிருந்து வெறும் கிண்ணத்தோடு வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"பூனை கொண்டு போட்டுது போல. மூடியில்லாத கிண்ணம் வேண்டாமெண்டு நான் நினைச்சனான். சொல்லியிருக்க வேணும்."

உண்மையைச் சொன்னால் மாமியின் முகத்தில் விழிக்க ஏலாது. சொல்லாவிட்டால் இவள் அழுகையை நிறுத்த ஏலாது. நான் சுத்தக் கோழை. "அழாதை, வேற ஒண்டு வாங்குவம்," என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனிதனோடு எப்படி இந்த வீட்டில் இருக்கப் போகிறேன் என்ற கேள்வி இருந்தது.

அப்போது மாமா குடத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். "மிச்சத் தண்ணியை வாழைக்கு ஊத்திவிடுறன்."

குடம் சரிந்தது. என்னை அறியாமல் கத்தினேன்.

"மாமா, ஊத்தாதேங்கோ! உள்ள ஆள் இருக்கு!"

புறப்பட்டுக்கொண்டிருந்த ஐயர் ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டார். யாழினி ஓடிப்போய்த் துணியை இழுத்தாள். அடியில் பைட்டர் செட்டையை விரித்துக்கொண்டு சுகமாக நின்றது. "ஐயோ, இருக்குது!" என்று சிரித்தாள். சிரித்தபடியே தாயைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

மாமி குடத்தைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் குடிக்கேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யாழினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் மாமி."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்திருந்த பட்டுச் சேலையோடு தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றினார். வந்த சனம் பாற்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாசலில் வெற்றிலையோடு நின்றேன்.

இன்று எங்கள் விறாந்தையில், நான் கதிரைகளுக்கென்று கீறிய இடம் முழுவதும் மீன் தொட்டி. யாழினி அளவு சொல்லிச் செய்வித்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்காததுதான் நியாயம். சொந்தத்துக்குள் எந்த விசேஷம் என்றாலும் குடத்தில் கை வைக்க முன்னர் யாராவது "உள்ள ஆள் இருக்கோ?" என்று கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறு என்ன செய்ய?

மாமி மட்டும் அப்படிக் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போது, மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கைப்பையில் கொண்டுவருவார். அதையும் யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்.