பாப்பா அழப் பதின்மூன்று நிமிடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. இங்கே மூன்று பேரும் நலம். அதில் பாப்பா நலம் என்பது நேற்றுத்தான் உறுதியானது.

பிரசவத்தோடு நின்றுபோன எம்.எஸ்ஸி. ஆய்வேட்டை முடித்துவிடு என்று நீதானே சொன்னாய், முடிக்க உட்கார்ந்தேன். செல்லின் சவ்வு ஒரு மின்தேக்கி, அதன் பக்கத்திலேயே ஒரு மின்தடை, என் கணித மாதிரி அவ்வளவுதான். இரண்டையும் பெருக்கினால் ஒரு தூண்டலுக்குச் சவ்வு அசைந்துகொடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று வந்துவிடும். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பெருக்கினேன். பதின்மூன்று நிமிடம் வந்தது. இதென்ன கூத்து என்று நினைப்பதற்குள் பாப்பா இறங்கி ஓடி மேசைக்காலில் முட்டிக்கொண்டாள், அழவில்லை, என்னையே பார்த்தாள், பிறகு பொம்மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பதின்மூன்றாவது நிமிடம் அவள் அப்பா கதவைத் திறந்தார், வீடே இடிகிற மாதிரி அழுதாள். முட்டிய வலி அவளுக்கு இப்போதுதான் எட்டியிருக்கிறது என்று அவரிடம் கணக்கைக் காட்டினேன்.

"அப்பாவைப் பாத்ததும் செல்லமா அழுறா, இதுல என்ன இருக்கு?" என்றார் அவர்.

"உங்களுக்கு இயற்பியல் தெரியாது, பேசாம இருங்க."

மறுநாள் கணக்குத் தாளோடு குழந்தை டாக்டரிடம் ஓடினேன். அந்த அம்மா பொறுமையாக எல்லாம் கேட்டார், பாப்பாவின் தடுப்பூசி அட்டையைப் புரட்டினார், ஊசி ஒன்று பாக்கி என்று சொல்லிக்கொண்டே குத்தினார். குத்திய நொடியே பாப்பா போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. "நரம்பெல்லாம் நல்லா இருக்கும்மா. உங்க கணக்கைத்தான் யார்கிட்டயாவது காட்டுங்க" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால், மின்தடையை ஒரு குட்டிச் செல்லின் பரப்புக்குப் போட்டிருக்கிறேன், மின்தேக்கத்தை ஒரு முழுச் சதுர சென்டிமீட்டருக்குப் போட்டிருக்கிறேன்! திருத்தினால் பத்து மில்லி செகண்டு.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவேன். இனிமேல் எந்தக் கணக்கையும் பாப்பா மேல் ஏற்றிப் பார்ப்பதில்லை என்று அவள் அப்பாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். மனசு இப்போது நிம்மதியாக இருக்கிறது. அண்ணிக்கு என் அன்பு. உன் வாலுகள் இரண்டுக்கும் ஆளுக்கொரு முத்தம், ஆளுக்கொரு குட்டு.

உன் தங்கை

பி.கு.: உறையில் போடுவதற்கு முன்னால், சும்மா, செல் சவ்வின் மின்னழுத்தத்தை அதன் துளியூண்டு தடிமனால் வகுத்துப் பார்த்தேன். மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் வருகிறது, அண்ணா! மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், இந்த முறை தப்பே இல்லை. கடிதம் கண்டதும் போன் பண்ணு. அதுவரை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் பாப்பாவைத் தூக்குகிறேன்.