நாற்பது ஃபாரமும் ஒரு கேள்வியும்

நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு நான் சொன்ன மிகப் பெரிய பொய்யை என் வாயால் சொல்லவில்லை. நாற்பது பேர் கையால் எழுத வைத்தேன்.

என் மகள் பவானி திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் கற்றுக்கொடுக்கிறாள். (எட்டாவதோடு நின்று, நகரியில் பவர்லூம் ஓட்டும் எனக்கு அது என்ன படிப்பென்று இன்றும் சரியாகத் தெரியாது. கூட்டத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதாம். நான் தினமும் பஸ்ஸில் பார்க்கிறேன், எனக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை.)

வாடகைக்கு வீடு விடும்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி எடுத்திருந்தாள். நகரியில் நாற்பது வீட்டுக்காரர்கள் பதில் எழுத வேண்டும். ஃபாரம் தெலுங்கில். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. படித்துச் சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"நைனா, ஒவ்வொருத்தரா தனியா உக்கார வெச்சி எழுத வைங்க. என்னா போடணும்னு நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்று போனில் மூன்று முறை சொன்னாள்.

புரட்டாசி சனிக்கிழமை, பஜனை மடத்தில் எல்லோரும் மொத்தமாகக் கிடைத்தார்கள். (வீடு வீடாக யார் அலைவது?) புளியோதரையோடு ஃபாரத்தையும் கொடுத்தேன். முதல் கேள்வி: வீடு கேட்டு வருகிறவரிடம் சாதியைக் கேட்பீர்களா?

"கேக்காம எப்டி வுடறது?" என்றார் பக்கத்துத் தறிக்காரர் முனுசாமி.

"யோவ், உண்மைய எழுதி என் பொண்ணு மானத்த வாங்காத. யுனிவர்சிட்டில நம்ம ஊரு பேரு நிக்கணும். கோவிந்தா சொல்லிக்கினு எல்லாரும் ரெண்டாவது கட்டத்துல டிக் போடுங்க."

"கோவிந்தா!"

என்னையும் சேர்த்து நாற்பது டிக். ஒருவரும் கேட்கமாட்டோம்.

மறுநாள் பவானி வந்தாள். கூடவே அவளிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி சுனிதா. அந்தக் கேள்விகளை எழுதியதே அந்தப் பெண்தானாம். ஃபாரக் கட்டைப் புரட்டப் புரட்ட பவானியின் முகம் இறுகியது.

"என்னா நைனா, நகரி முழுக்க மகான்களா?"

"நம்ம ஜனம் மாறிப்போச்சிம்மா."

"நல்லது. சுனிதா மூணு மாசம் இங்க தங்கி வேல செய்யணும். நம்ம மாடி போர்ஷன் காலியாத்தான கீது?"

"கீது, கீது. தாராளமா" என்றேன். பிறகு சுனிதாவைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே அன்போடு, "எந்த ஊரும்மா?" என்றேன்.

"புத்தலப்பட்டு பக்கம், அங்கிள்."

"ஊரு சரிம்மா. நீங்க என்னா ஆளுங்க?"

கேட்டு முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. காபி கொண்டுவந்த என் மனைவி சரோஜா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

சுனிதா கோபப்படவில்லை. ஃபாரக் கட்டை என் பக்கம் தள்ளி, முதல் கேள்வியில் விரலை வைத்தாள். "இதுல உங்க ஃபாரம் எது அங்கிள்? எல்லாம் ஒரே மாதிரி கீது, கண்டுபுடிக்க முடியல."

நாற்பது ஃபாரமும் குப்பைக்குப் போயின. மாடிக்கு வந்துவிடும்படி பிறகு நானே சுனிதாவுக்குப் போன் செய்தேன். "பரவாலேது அங்கிள், பஸ் கீது" என்றாள். மூன்று மாதம் தினமும் திருப்பதியிலிருந்து வந்து, தெருத்தெருவாக நடந்து, எல்லாவற்றையும் திரும்ப எழுதி வாங்கினாள். என் வாசலைத் தாண்டித்தான் போவாள். வணக்கம் சொல்வாள். அந்த வெயிலில் ஒருநாள்கூட ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை.

பவானி ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் 'எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்' என்று இதைச் சொல்கிறாளாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம்.

வீட்டிலும் விடுவதில்லை. மாடி கேட்டு யாராவது வந்தால், நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா சமையலறையிலிருந்து "கோவிந்தா!" என்று குரல் கொடுப்பாள். பக்தியான குடும்பம் என்று வந்தவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

(கேள்வி மட்டும் இன்னும் நாக்கு நுனியில்தான் நிற்கிறது, பெருமாளே.)