அசையாச் சொத்து

ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதற்கு விலை ஒன்பதாயிரத்து நானூறு டாலர். கழுதை இதைச் சும்மாவே செய்கிறது. வீடு செய்தால்தான் காசு.

ஓடெல் டாக்கெட்டின் வீடு பத்தொன்பது வருடமாக ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. ஆனால் தொழிற்சாலையில் செய்து லாரியில் கட்டி இழுத்துவந்த வீடு. அடியில் சக்கரங்கள் அப்படியே இருந்தன.

"சக்கரம் இருந்தா அது வண்டி," என்றாள் வங்கி அனுப்பிய இன்ஜினியர் அம்மா, வீட்டுக்கடியில் தவழ்ந்து வெளியே வந்து. "வண்டிக்கு வீட்டுக் கடன் கிடையாது. நிரந்தர அஸ்திவாரம் போடுங்க, சர்டிபிகேட் தரேன்."

கடன் ஓடெலுக்கு இல்லை, வீட்டை வாங்க வந்த தபால்காரிக்கு. அவளுக்குக் கடன் கிடைத்தால் வீடு விற்கும். விற்றால் ஓடெலும் மனைவி நோர்லீனும் ஏரிக்கரையில் பார்த்துவைத்த சின்ன வீட்டுக்குப் போய்க் காலமெல்லாம் மீன் பிடிக்கலாம். அந்த வீட்டுக்காரர் ஜூன் கடைசி வரைதான் பொறுப்பாராம். ஏரியின் அருமை பெருமைகளில் முதலாவது, அங்கே கேகிள் கிடையாது.

கேகிள் பக்கத்து நிலத்துக்காரர். ஓடெலின் கோழி வேலி தாண்டினால் முட்டையை வைத்துக்கொண்டு கோழியைத் திருப்பி அனுப்புகிறவர். சனிக்கிழமைதோறும் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே டோமினோக் கட்டை ஆடுவார்கள். ஜெயித்த ஆட்டக் கணக்கு கேகிளின் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் ஏறும். ஏப்ரல் நிலவரம்: ஓடெல் 911, கேகிள் 904.

முதலில் சக்கரங்களைக் கழற்றினார் ஓடெல். வீடு ஜாக்கிகள்மேல் நின்றது, சமையலறை சாய்ந்தது. நோர்லீன் மேஜையில் வைத்த முட்டை கேகிள் நிலத்துப் பக்கமாகவே உருண்டது.

"இந்தச் சக்கரத்தை என்னய்யா பண்ணப் போறே?" என்று வந்தார் கேகிள். "இருநூறு தரேன்."

பேரமே இல்லை. ஓடெல் நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அந்த ஆளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்றாள் நோர்லீன்.

அடுத்து பள்ளம். கூலிக்கு ஆள் தேடுவதற்குள் கேகிளே தன் மண்வெட்டும் இயந்திரத்தோடு வந்துவிட்டார். வாடகை கேட்கவில்லை. மூன்றாவது பள்ளத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, முற்றம் ஏரியாயிற்று.

"ஏரிக்கரையில வீடு வேணும்னியே ஓடெல், இந்தா," என்றாள் நோர்லீன்.

பதினோரு நாள் கேகிள் வீட்டில் குளியல். சோப்புக்குக்கூடக் கணக்கு எழுதவில்லை அவர்.

குழாய் உடைந்த சேற்றில் கான்கிரீட் லாரி அச்சு வரை புதைந்தது. கேகிள் தன் டிராக்டரால் அதை இழுத்துவிட்டு, இருவருக்கும் நடுவிலிருந்த வேலியைப் பிடுங்கத் தொடங்கினார்.

"யோவ், வேலிய ஏன்யா பிடுங்குறே?"

"லாரி என் வயல் வழியா வரட்டும். வேலி எப்படியும் போக வேண்டியதுதானே."

"நான் போறதுல உனக்கு இவ்வளவு சந்தோஷமா?"

"கான்கிரீட்ட நல்லா கெட்டியா போடச் சொல்லு," என்றார் கேகிள்.

ஜூன் இருபதாம் தேதி இன்ஜினியர் அம்மா மறுபடி தவழ்ந்தாள். வீட்டைக் கான்கிரீட்டோடு பிணைத்த இரும்புப் பட்டைகளைத் தட்டிப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். "இனி சூறாவளி வந்தாலும் இது நகராது. இது வீடு."

ஓடெல் தூண்டில்களைப் பெட்டியில் கட்டினார். வங்கிக்கு இன்னும் ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி, நில அளவை. மறுநாள் சர்வேயர் வெர்ன் வந்தார். முக்காலியை நட்டார், கண்ணைச் சுருக்கினார், சமையலறைச் சுவரிலிருந்து உள்ளே ஏழடி தள்ளி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சு நாடாவை ஒட்டினார்.

"இதுக்கு அந்தப் பக்கம் கேகிள் நிலம்."

"வேலி வெளியிலதானே இருந்துச்சு?" என்றார் ஓடெல்.

"வேலி போட்டவன் தப்பாப் போட்டிருக்கான்."

"சரி, ஏழடி தள்ளி வச்சுட்டாப் போச்சு," என்றாள் நோர்லீன்.

வெர்ன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏப்ரல்ல, சக்கரம் இருந்தப்பவே சொல்லியிருந்தா ஒரு டிராக்டர் போதும்மா. இப்ப இது அசையாச் சொத்து. கேகிள் அந்த ஏழடிய எழுதிக் கொடுத்தாத்தான் விற்க முடியும்."

ஓடெல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே, கொட்டகை நிழலில், கேகிள் மேஜை போட்டு டோமினோக் கட்டைகளைக் கவிழ்த்துக் கலைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு காலி நாற்காலி.

"இது அவனுக்குத் தெரியுமா?"

"மார்ச்லயே தெரியும். அவர் நிலத்த அளந்ததும் நான்தானே," என்றார் வெர்ன், முக்காலியை மடித்தபடி. "'அஸ்திவாரம் காயற வரைக்கும் வாயத் திறக்காதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டார். ஏழடிக்கு விலையும் சொல்லிட்டார். காசு வேணாமாம், கதவுக் கணக்கு சமமாக ஏழு ஆட்டம் பாக்கியாம்."